பசிக்கு சீசன் கிடையாது

தமிழில் ஜீவனாம்சம். தெலுங்கில் மனோவர்த்தி. 1911ல் தனி மாவட்டமாகும் வரை சித்தூர் வட ஆற்காட்டின் தலைநகராக இருந்தது. வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். வக்கீல் மனோவர்த்தி என்று எழுதுவதை வீட்டுப் பெரியவர்கள் ஜீவனாம்சம் என்று புரிந்துகொள்வார்கள். பெயர் எதுவானாலும் கடைசியில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு?

கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். குழந்தை ஒருவரிடம் வளர்கிறது. மற்றவர் மாதம் எவ்வளவு தர வேண்டும்? பிரிட்டனில் இதற்கு அரசு அலுவலகமே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். 1993ல் தொடங்கிய இந்த ஏற்பாட்டின் இன்றைய விதிப்படி, தந்தையின் வார வருமானம் 200 முதல் 800 பவுண்டுக்குள் இருந்தால் ஒரு குழந்தைக்கு 12 சதவீதம், இரண்டு குழந்தைகளுக்கு 16 சதவீதம். வருடத்தில் 52 இரவுகள் குழந்தை அவரிடம் தங்கினால் ஏழில் ஒரு பங்கு குறையும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு குழந்தைக்கு வருமானத்தில் 17 சதவீதம். ஜெர்மனியில் குழந்தையின் வயதையும் பெற்றோரின் வருமானத்தையும் வைத்துத் தொகையைக் காட்டும் அட்டவணை ஒன்று இருக்கிறது. டுசெல்டார்ஃப் நகரத்தின் பெயரால் அதை அழைக்கிறார்கள்.

இந்தியாவில் சூத்திரம் எதுவும் கிடையாது. குழந்தையின் தேவை, தந்தையின் சக்தி, தாயின் வருமானம், குடும்பம் பழகியிருந்த வாழ்க்கைத் தரம் என்று நீதிபதி கவனிக்க வேண்டிய விஷயங்களைச் சட்டமும் தீர்ப்புகளும் பட்டியலிடுகின்றன. அவற்றைக் கூட்டிக் கழித்து ஒரு தொகையைச் சொல்லும் வேலையை நீதிபதியின் மனசாட்சியிடம் விட்டுவிடுகின்றன. இதில் ஒரு நன்மை உண்டு, ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. இரண்டையும் புரிந்துகொள்ள ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

தாய் சித்தூரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பிறந்த வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு வாடகை வீடு. ஜூன் பிறந்தால் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் வேலை. தோத்தாபுரி லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இரண்டு மூன்று மாதங்களுக்கு நல்ல கூலி கிடைக்கும். மற்ற மாதங்களில் தையல், கிடைத்த வேலை. வருடத்துக்கும் சேர்த்துச் சராசரி பார்த்தால் மாதம் 10,000 ரூபாய்.

தந்தை எழுபது கிலோமீட்டர் தள்ளித் திருப்பதியில் இருக்கிறார். சொந்தக் கார், அதற்குக் கடன், வாடகைக்கு ஓட்டுகிறார். பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி, கோடை விடுமுறை நாட்களில் தூங்க நேரமிருக்காது. பரீட்சை மாதங்களில் ரயில் நிலைய வாசலில் காரைத் துடைத்தபடி நிற்க வேண்டியதுதான். சம்பளச் சீட்டு கிடையாது. வருமானத்தில் பாதி ரொக்கமாகக் கைக்கு வருகிறது, பாதி செல்போனில் விழுகிறது.

மகளுக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பு. அப்பாவை நைனா என்று கூப்பிடுகிறவள். இந்த மூவரில் சீசன் இல்லாதவள் அவள் ஒருத்திதான். மாம்பழம் முடிந்துவிட்டது என்று அவள் பசி காத்திருக்காது. பக்தர் கூட்டம் குறைந்துவிட்டது என்று பள்ளிக்கூடமும் கட்டணத்தைத் தள்ளிவைக்காது.

அவளுக்கு மாதம் என்ன செலவாகிறது? பள்ளிக் கட்டணமும் புத்தகமும் சீருடையும் வருடத்துக்குக் கட்டுவதை மாதமாக்கினால் 2,500 ரூபாய். பள்ளி வேன் 800. சாப்பாடு, பால், பழம் 2,500. வீட்டு வாடகையிலும் மின்சாரத்திலும் அவள் பங்கு 1,500. துணிமணி 500, மருந்து 500, டியூஷன் 500, இதர சில்லறை 200. மொத்தம் 9,000. இதில் ஆடம்பரம் என்று சொல்ல எதுவுமில்லை. பட்டுப்பாவாடையோ ஊட்டிப் பயணமோ பட்டியலில் இல்லை. இரவு காய்ச்சலில் கண்விழித்த நேரத்துக்கும், வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்த நேரத்துக்கும் தொகை போடப்படவில்லை. அதையெல்லாம் தாய் தன் கணக்கில் இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறார்.

தாய் வழக்குப் போடத் திருப்பதிக்குப் போக வேண்டியதில்லை. தான் வசிக்கும் சித்தூரிலேயே மனு கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144வது பிரிவு இதற்கானது. அதற்கு முன் ஐம்பது ஆண்டுகள் '125' என்று எண்ணாலேயே அழைக்கப்பட்ட பிரிவின் புது வடிவம்தான் அது. இந்து குடும்பமானால் 1956ம் வருடத்திய தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் வழியும் உண்டு. முஸ்லிம் குழந்தைகளுக்கும் 125வது பிரிவின் உரிமை முழுமையாக உண்டு என்று 1997ல் நூர் சபா கத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இந்தப் பிரிவின் பழைய கதை கசப்பானது. 1955ல் ஜீவனாம்சத்துக்கு உச்சவரம்பாக மாதம் 500 ரூபாய் என்று வைத்தார்கள். 1973ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் புதிதாக எழுதியபோதும் அந்த 500 அப்படியே நின்றது. அரிசி விலை ஏறியது, வாடகை ஏறியது, 500 மட்டும் ஏறவில்லை. அந்த 500ஐயும் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் தர வேண்டும் என்று வாதிட்ட கணவர்கள் இருந்தார்கள். 1978ல் வீணா கௌஷல் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து அல்ல என்றார். 2001ல்தான் நாடாளுமன்றம் அந்த வரம்பையே எடுத்தது. வழக்கு முடியும் வரை இடைக்காலத் தொகை கேட்கலாம், நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் இயன்றவரை அதை முடிவு செய்ய வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தில் வந்தது.

உச்சவரம்பு போனது சரி. ஆனால் அதன் இடத்தில் எந்தக் கணக்கும் வைக்கப்படவில்லை. எனவே கோர்ட்டுகள் தாங்களாகவே சில வழிகளைப் பழகிக்கொண்டன. அவற்றில் மூன்று அடிக்கடி பேசப்படுபவை.

முதலாவது, கால்பங்கு. 1970ல் குல்பூஷண் குமார் வழக்கில், கணவனின் நிகர வருமானத்தில் 25 சதவீதம் மனைவிக்கு என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2017ல் கல்யாண் டே சௌத்ரி வழக்கில் அதையே மீண்டும் எடுத்துச் சொன்னது. இது மனைவிக்குச் சொன்ன அளவு, குழந்தைக்கு அல்ல. கட்டாய விதியும் அல்ல. ஆனாலும் கோர்ட் வராந்தாவில் 'கால்பங்கு' என்ற சொல் எல்லா வழக்குக்கும் பொருந்தும் வாய்ப்பாடு போல உலவுகிறது.

இரண்டாவது, பங்கு பிரித்தல். 2004ல் அனுரீத்தா வோரா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்ன வழி. குடும்ப வருமானத்தை ஒரு முழு கேக்காக வைத்துக்கொண்டு, வெளியே போய்ச் சம்பாதிக்கச் செலவு செய்கிற கணவனுக்கு இரண்டு துண்டு, மனைவிக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று என்று வெட்டுவது.

மூன்றாவது, தேவையிலிருந்து தொடங்குவது. 2000ல் பத்மஜா சர்மா வழக்கில் தாய், தந்தை இருவருமே சம்பாதிப்பவர்கள். இரண்டு குழந்தைகளுக்கும் தலா 3,000 ரூபாய் தேவை என்று உச்ச நீதிமன்றம் முதலில் நிர்ணயித்தது. பிறகு அவர்கள் சம்பாத்தியத்தைப் பார்த்து, தந்தை இரண்டு பங்கு, தாய் ஒரு பங்கு ஏற்க வேண்டும் என்றது.

இந்த மூன்றையும் சித்தூர்ச் சிறுமிக்குப் போட்டுப் பார்க்கலாம். தந்தையின் உண்மையான நிகர வருமானம் சராசரி மாதம் 30,000 ரூபாய் என்று கொள்ளலாம்.

கால்பங்கு என்றால் 7,500 ரூபாய். பங்கு பிரித்தால், தந்தையின் 30,000, தாயின் 10,000, ஆக 40,000. நாலு துண்டு. ஒரு துண்டு 10,000. தாயின் துண்டு அவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது. குழந்தையின் 10,000 தந்தையிடமிருந்து வர வேண்டும். தேவையிலிருந்து தொடங்கினால், 9,000 ரூபாயை மூன்றுக்கு ஒன்று என்று பிரிக்க வேண்டும். தந்தைக்கு 6,750, தாய்க்கு 2,250. ஆக ஒரே குடும்பம், ஒரே குழந்தை. விடை மட்டும் மூன்று.

இப்போது தந்தை கோர்ட்டில் நின்று, 'சீசன் சரியில்லை, கார் கடன் வேறு, மாதம் 15,000தான் நிற்கிறது' என்று சொல்கிறார். அதை யாரும் மறுத்து நிரூபிக்கவில்லை. கணக்கு என்னவாகிறது?

கால்பங்கு பாதியாகிறது. 3,750 ரூபாய். பங்கு பிரிக்கும் வழியில் அடி இன்னும் பலமாக விழுகிறது. மொத்தம் 25,000, ஒரு துண்டு 6,250. தாய் தன் துண்டுக்கு மேல் 3,750 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று ஆகிறது. அதைக் கழித்தால் தந்தை தர வேண்டியது வெறும் 2,500. முன்பு வந்த 10,000ல் கால்வாசி. தேவையிலிருந்து தொடங்கும் மூன்றாவது வழியில் மட்டும் 9,000 ரூபாய் மாறுவதில்லை. பிரிக்கும் விகிதம்தான் மூன்றுக்கு இரண்டு ஆகிறது. தந்தையின் பங்கு 5,400.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. வருமானத்தைப் பாதியாகக் குறைத்துச் சொன்னவருக்கு ஒரு வழியில் பாதி லாபம், ஒரு வழியில் முக்கால்வாசி லாபம், ஒரு வழியில் ஐந்தில் ஒரு பங்குதான் லாபம். கணக்கு தந்தையின் சட்டைப்பையிலிருந்து தொடங்கினால், பையை மறைப்பதில் ஆதாயம் அதிகம். குழந்தையின் தட்டிலிருந்து தொடங்கினால் ஆதாயம் சுருங்கிவிடுகிறது. காரணம், தட்டில் என்ன வேண்டும் என்பதை யாராலும் ஒளித்துவைக்க முடியாது. பள்ளி ரசீது இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் இருக்கிறது. பால்காரர் கணக்கு இருக்கிறது.

ஆனால் நடைமுறையில் பெரும்பாலான வழக்குகள் முதல் இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. 'அவருக்கு எவ்வளவு வருகிறது?' என்ற ஒரு கேள்வியைச் சுற்றியே மாதங்கள் ஓடுகின்றன. தேவஸ்தான ஊழியரோ பஸ் டிப்போ ஊழியரோ ஆனால் அரை மணி நேர வேலை. சம்பளச் சீட்டை வாங்கி, வருமான வரி, வருங்கால வைப்புநிதி போன்ற கட்டாயப் பிடித்தங்களைக் கழித்தால் தொகை வந்துவிடும். தானாக விரும்பி வாங்கிய கடனின் தவணையைப் பொதுவாகக் கழிக்க விடமாட்டார்கள். கார் ஓட்டுகிறவர், கடை வைத்திருப்பவர், தோப்பு வைத்திருப்பவர் என்றால் கதை வேறு.

இதற்கு ஒரு மருந்து 2020 நவம்பர் 4 அன்று வந்தது. ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் ஆர். சுபாஷ் ரெட்டியும் கொடுத்த தீர்ப்பு. இடைக்காலத் தொகைக்காக நாக்பூரில் 2013ல் மனு போட்ட ஒரு தாய், அந்தத் தொகை உறுதியாகக் கிடைக்க ஏழு வருடம் காத்திருந்ததைப் பார்த்துத்தான் நீதிபதிகள் நாடு முழுவதற்கும் ஒரு முறையை வகுத்தார்கள். அதன்படி கணவன், மனைவி இருவருமே தங்கள் வரவு, செலவு, சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, வாகனம், நகை, காப்பீடு, வாடகை எதுவும் விட்டுப்போகக் கூடாது. பொய் சொன்னால் அதற்கான நடவடிக்கையும் உண்டு. விவசாயிகளுக்குத் தனிப் படிவம். எவ்வளவு நிலம், என்ன பயிர், என்ன கால்நடை என்று அது கேட்கிறது.

சித்தூர்ப் பக்கத்துக்கு இந்த விவசாயப் படிவம் மிகவும் பொருத்தம். தோப்புக்காரரின் வருமானத்தை ஒரே வருடத்தை வைத்துக் கணக்கிட்டால் இரண்டில் ஒருவருக்கு அநியாயம் நடக்கும். 2025ல் தோத்தாபுரி விலை சரிந்து, தொழிற்சாலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், ஆந்திர அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று ஏற்பாடு செய்ய வேண்டிவந்தது. அந்த வருடக் கணக்கைக் காட்டினால் தோப்பு வைத்திருப்பவர் ஏழை. நல்ல விலை கிடைத்த வருடத்தைக் காட்டினால் அவரே செல்வந்தர். மூன்று வருடச் சராசரியாவது எடுத்தால்தான் உண்மைக்குப் பக்கத்தில் போக முடியும்.

திருப்பதி கார் ஓட்டுநர் விஷயத்திலும் அப்படித்தான். வாயால் சொல்லும் 15,000க்கு எதிராகக் காரின் பதிவுச் சான்று பேசும். தவறாமல் கட்டும் கடன் தவணை பேசும். செல்போனில் விழுந்த வாடகை வங்கிக் கணக்கில் வரி வரியாக நிற்கும். சுங்கச் சாவடிக் கணக்கு வண்டி எத்தனை முறை சென்னைக்குப் போய்வந்தது என்று சொல்லும். மாதம் 15,000 நிற்பவரால் மாதம் 12,000 தவணை எப்படிக் கட்ட முடிகிறது என்று வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். வேலையே இல்லை என்று கையை விரிப்பவருக்கும் பதில் உண்டு. உடலில் தெம்புள்ள மனிதர் உழைத்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022ல் அஞ்சு கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தந்தையின் பக்கத்தையும் கேட்க வேண்டும். வறண்ட மாதங்கள் பொய்யல்ல. அவருக்கு வயதான தாய் இருக்கலாம், பிறகு வேறு குடும்பம் அமைந்திருக்கலாம். 2017 வழக்கிலேயே, கணவனுக்கு மறுமணத்தால் ஏற்பட்ட பொறுப்பைக் கருதி 23,000 ரூபாயை 20,000 ஆக உச்ச நீதிமன்றம் குறைத்தது. தாயும் தன் கூலியை மறைக்கக் கூடாது. பிரமாணப் பத்திரம் இருவருக்கும் பொது. கட்ட முடியாத தொகையை எழுதிவைத்தால் அது காகிதத்தில் நிற்கும், குழந்தையின் தட்டுக்கு வராது.

சீசன் வருமானக்காரர்களுக்குச் சமரசத்தில் ஒரு வழி உண்டு. முழுத் தொகையையும் பன்னிரண்டு சம பங்காக வெட்டியே தீர வேண்டும் என்பதில்லை. இந்தச் சிறுமியின் விஷயத்தில் தந்தையின் பங்கு வருடத்துக்கு 81,000 ரூபாய். கோடை விடுமுறையில் ஓட்டிய பணத்தில் ஜூன் மாதம் பள்ளிக் கட்டணமாக 21,000 நேராகப் பள்ளியில் கட்டிவிட்டு, மீதி 60,000ஐ மாதம் 5,000 ஆகத் தருவது என்று இருவரும் ஒப்புக்கொண்டு கோர்ட்டில் பதிவு செய்யலாம். தொகை அதேதான். ஆனால் தந்தைக்குக் கட்ட முடிகிற நேரத்தில் வருகிறது, தாய்க்கு ஜூன் மாதக் கவலை ஒழிகிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று தாய் தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அது குழந்தையுடையது. அதனால்தான், பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்று பணத்தை நிறுத்த முடியாது, பணம் வரவில்லை என்று பிள்ளையைப் பார்ப்பதைத் தடுக்கவும் முடியாது. இரண்டும் தனித்தனி வழக்கு.

தொகைக்கு அடுத்தபடி முக்கியம் தேதி. எப்போதிலிருந்து தர வேண்டும்? முன்பு சில கோர்ட்டுகள் மனு போட்ட நாளிலிருந்தும், சில தீர்ப்பு நாளிலிருந்தும் கொடுத்துவந்தன. வாய்தா கேட்டுக் கேட்டு வழக்கை இழுத்தவருக்கு அது வசதி. 2020 தீர்ப்பு அந்த வசதியை நிறுத்தியது. மனு போட்ட நாளிலிருந்தே தொகை கணக்கு. சித்தூர் வழக்கு பதினெட்டு மாதம் இழுத்தால், 6,750 ரூபாய் வீதம் பாக்கி 1,21,500 ரூபாய். தேதியை மாற்றிப் போட்டிருந்தால் அத்தனையும் குழந்தைக்கு நஷ்டம்.

உத்தரவு வந்தும் பணம் வரவில்லையா? மாதச் சம்பளக்காரரானால் ஜீவனாம்ச டிக்ரிக்கு அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு மீதியை ஜப்தி செய்ய சிவில் சட்டம் இடம் தருகிறது. மற்றவர்களுக்கு வாரண்ட். ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போய்வந்ததால் கடன் தீர்ந்துவிடாது என்று 1989ல் குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறை, கட்ட வைப்பதற்கான வழி. கட்டியதற்குச் சமம் அல்ல. ஆனால் பாக்கி விழுந்து ஒரு வருடத்துக்குள் தாய் மனு போட்டாக வேண்டும். 'பாவம், தருவார்' என்று பொறுத்துப் போகும் தாய்மார்கள் இழப்பது இங்கேதான். பொறுமைக்குச் சட்டத்தில் ஒரு வருடம்தான் ஆயுள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கார் ஓட்டுநரின் காரை ஜப்தி செய்தால் பழைய பாக்கி வரலாம், அடுத்த மாதப் பணம் வரும் வழி அடைந்துவிடும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒழுங்காகக் கட்டும் ஏற்பாட்டுக்கு வருவதே இருவருக்கும் லாபம்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகும் கணக்கில் ஒரு ஓட்டை மிஞ்சுகிறது. குழந்தை வளர்கிறது, தொகை வளர்வதில்லை. ஒன்பது வயதில் 9,000 ரூபாய் ஆகும் செலவு, வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால்கூட, பதினெட்டு வயதில் 15,200ஐத் தொடும். கல்லூரியும் பெரிய வகுப்புக் கட்டணமும் இதில் சேராமலேயே. நிலைமை மாறினால் தொகையை மாற்றச் சொல்லி மறுபடி மனு போடலாம். முன்பு 127வது பிரிவு, இப்போது 146. ஆனால் அதற்கு மறுபடி வக்கீல், மறுபடி வாய்தா, மறுபடி ஒரு நாள் கூலி நஷ்டம். கூழ் தொழிற்சாலைக்குப் போகும் பெண் ஜூலையில் ஒரு நாள் கோர்ட்டுக்கு வந்தால் அன்றைய கூலி போனதுதான்.

இதற்கும் ஒரு முன்மாதிரி அதே நாக்பூர் வழக்கில் இருக்கிறது. குடும்ப நீதிமன்றம் 2015ல் போட்ட உத்தரவில் மகனுக்கு 2013 செப்டம்பரிலிருந்து 2015 ஆகஸ்ட் வரை மாதம் 5,000 ரூபாய், 2015 செப்டம்பரிலிருந்து 10,000 ரூபாய் என்று எழுதியது. குழந்தை வளர்வதை ஏற்றுக்கொண்டு, ஒரே உத்தரவில் இரண்டு படி. அதை உச்ச நீதிமன்றமும் நிலைநிறுத்தியது. வருடத்துக்கு இவ்வளவு சதவீதம் தானாக உயரும் என்றோ, ஆறாம் வகுப்பில் இவ்வளவு, ஒன்பதாம் வகுப்பில் இவ்வளவு என்றோ முதல் உத்தரவிலேயே எழுதிவிட்டால் ஒரு சிறுமி வளர்ந்ததற்காக அவள் தாய் மறுபடி வழக்குப் போட வேண்டியிருக்காது. மனுவில் அதைக் கேட்பதற்குத் தடை எதுவும் இல்லை. கேட்பவர்கள்தான் குறைவு.

பதினெட்டு வயதோடு 144வது பிரிவு பொதுவாகக் கையைக் கழுவிவிடும். ஆனால் திருமணமாகாத இந்துப் பெண் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால் 1956ம் வருடச் சட்டப்படி தந்தையிடம் கேட்கலாம் என்று 2020ல் அபிலாஷா வழக்கு நினைவூட்டியது. சித்தூர்ச் சிறுமிக்கு அந்த நாள் வர இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.

அதுவரை அவள் தாய் செய்யக்கூடிய மிக உபயோகமான காரியம் மிகவும் எளிமையானது. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். பள்ளி ரசீது, மருந்துச் சீட்டு, வேன் கட்டணம், செருப்பு வாங்கிய தேதி. வக்கீலிடம் முதல் நாள் போகும்போது 'அவருக்கு எவ்வளவு வருகிறது என்று எனக்குத் தெரியாது' என்று தொடங்காமல், 'என் பெண்ணுக்கு மாதம் இவ்வளவு ஆகிறது, இதோ கணக்கு' என்று அந்த நோட்டை மேசையில் வைத்தால், வழக்கு வேறு இடத்திலிருந்து தொடங்கும். அவருடைய வருமானத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை அதற்குப் பிறகும் இருக்கும். ஆனால் அதற்குள் நீதிபதியின் முன்னால் ஒரு தொகை வந்துவிட்டிருக்கும். அது அந்தக் குழந்தையின் தொகை.